ஒரே ஆளை இரண்டு முறை சோதிக்கலாமா? உளவியல் ஆய்வுக்குச் சோதனை வடிவமைப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

எம்.எஸ்ஸி. படிக்கும்போது நான் எடுத்துக்கொண்ட ப்ராஜெக்ட், பின்னணியில் பாட்டு ஓடினால் மனக்கணக்கு தடுமாறுமா என்பது. முப்பது பேரைப் பிடித்தேன். ஒவ்வொருவரும் முதலில் அமைதியாக உட்கார்ந்து இருபது கணக்குகள் போட்டார்கள். அப்புறம் ஹெட்போனில் சினிமாப் பாட்டு கேட்டுக்கொண்டே இன்னொரு இருபது. ஸ்டாப்வாட்ச் என் கையில். கூட்டிப் பார்த்தால், பாட்டு ஓடியபோதுதான் எல்லாரும் வேகமாகப் போட்டிருந்தார்கள். பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்ற நினைப்பில் அட்டவணையைக் கைடிடம் நீட்டினேன். அரை நிமிடம் பார்த்துவிட்டு, “எல்லாருக்கும் பாட்டு ரெண்டாவதாத்தான வந்துச்சு?” என்றார். அதோடு முடிந்தது.

இருபது கணக்கு போட்டு மூளை சூடானவர் அடுத்த இருபதை வேகமாகத்தான் போடுவார். அந்த வேகம் பாட்டால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா? என் டேட்டாவில் இந்த இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. எந்தப் புள்ளியியல் மென்பொருளும் பிரித்துத் தராது. புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1938-ல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பேசியபோது இதைத்தான் சொன்னார்: சோதனை முடிந்த பிறகு புள்ளியியல்காரரிடம் போவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம்.

ஆகவே வடிவமைப்பை டேட்டா எடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பாடப்புத்தகங்கள் பத்துப் பன்னிரண்டு வகைகளை அட்டவணை போட்டுக் காட்டும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். என் அனுபவத்தில் முக்கால்வாசி முடிவு ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது: முதல் நிலையை (என் ப்ராஜெக்ட்டில் அமைதி) பார்த்து முடித்த ஆள், இரண்டாம் நிலைக்கு (பாட்டு) வரும்போது பழைய ஆளாகவே இருப்பாரா?

முதல் படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“மொபைல் போனும் கவனமும்” என்பது தலைப்பு; அது கேள்வி ஆகாது. “அணைத்து வைத்த போன் கண்ணெதிரே மேஜையில் இருந்தால், அது அடுத்த அறையில் இருக்கும்போதைவிட நினைவுப் பணியில் மதிப்பெண் குறைகிறதா?” என்பது கேள்வி. இதில் நீங்கள் மாற்றுவது எது, அளப்பது எது என்று விரல் வைத்துக் காட்டலாம். மாற்றுவதற்குச் சாரா மாறி என்றும், அளப்பதற்குச் சார்ந்த மாறி என்றும் பெயர்.

இதே கேள்வியை 2017-ல் அமெரிக்காவில் ஏட்ரியன் வார்டும் கூட்டாளிகளும் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். போனுக்கு மூன்று இடங்கள்: மேஜை, பாக்கெட் அல்லது பை, அடுத்த அறை. ஒருவருக்கு ஒரு இடம்தான். போன் அடுத்த அறையில் இருந்தவர்கள் நினைவுப் பணியை மேஜைக்காரர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த மறுசோதனைகளில் எல்லாமே இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இங்கேயே ஒரு வடிகட்டல் வேண்டும். நீங்கள் மாற்ற நினைப்பது உண்மையிலேயே உங்கள் கையால் மாற்றக்கூடியதா? போன் இருக்கும் இடத்தை மாற்றலாம். ஒருவர் ஆணா பெண்ணா, மூத்த பிள்ளையா கடைக்குட்டியா, கூச்ச சுபாவமா என்பதையெல்லாம் நீங்கள் சீட்டுக் குலுக்கித் தர முடியாது. அப்படிப்பட்ட ஒன்றுதான் உங்கள் கேள்வியின் மையம் என்றால், நீங்கள் செய்யப்போவது ஒப்பீட்டு ஆய்வு. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதால், தலைப்பில் “தாக்கம்” என்ற சொல்லைப் போடாதீர்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் அடி அங்கேதான் விழும்.

இரண்டாம் படி: ஒரே ஆளா, வேறு வேறு ஆட்களா?

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. ஒவ்வொரு நிலைக்கும் வேறு வேறு ஆட்களை வைத்தால் அது தனிக்குழு வடிவமைப்பு. வகுப்பறையில் ‘பிட்வீன் சப்ஜெக்ட்ஸ்’ என்பார்கள். எல்லா நிலைகளையும் ஒரே ஆள் கடந்து போனால் அது மீள் அளவீட்டு வடிவமைப்பு, அதாவது ‘விதின் சப்ஜெக்ட்ஸ்’.

தனிக்குழு தவிர வேறு வழியே இல்லாத சோதனை ஒன்றைப் பாருங்கள். 1974-ல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் மாறியது ஒரே வினைச்சொல். சிலருக்கு “நொறுங்க மோதியபோது”, சிலருக்கு “இடித்துக்கொண்டபோது”, சிலருக்கு “தொட்டுக்கொண்டபோது”. இப்படி ஐந்து வினைச்சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 9 பேர். “நொறுங்க” என்று கேட்டவர்களின் சராசரி மதிப்பீடு மணிக்கு 40 மைலைத் தாண்டியது. “தொட்டு” என்று கேட்டவர்களுக்கு 31.8 மைல்தான்.

இதையே ஒரே ஆளிடம் ஐந்து முறை கேட்டிருந்தால்? இரண்டாவது வினைச்சொல் காதில் விழுந்ததுமே, “ஓ, சொல்லை மாற்றிப் போட்டு என்னைச் சோதிக்கிறார்களா?” என்று பிடித்துவிடுவார். அதற்குமேல் அவர் சொல்லும் எந்த வேகத்துக்கும் மதிப்பில்லை. சோதனையின் சூட்சுமம் பங்கேற்பாளருக்குத் தெரிந்துவிடும் இடங்களிலும், ஒருமுறை கற்றதை ‘மறக்கவைக்க’ முடியாத இடங்களிலும் தனிக்குழுதான். புதிய முறையில் பின்னங்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே பிள்ளையை மறுவாரம் ‘பழைய முறை’ நிலையில் உட்காரவைக்க முடியாதே.

இனி எதிர்ப்பக்கம். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் செய்த சோதனையை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிவிட்டு, சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு இடறும். வெறும் நிறக் கட்டங்கள் நூறின் நிறங்களைச் சொல்ல ஸ்ட்ரூப்பின் மாணவர்களுக்குச் சராசரியாக 63.3 விநாடிகள் ஆயின. முரண்பட்ட சொற்கள் நூறுக்கு 110.3 விநாடிகள். இங்கே சூட்சுமம் தெரிந்தாலும் நாக்கு இடறத்தான் செய்யும். பேச்சு வேகமோ ஆளுக்கு ஆள் ரொம்பவே மாறும். படபடவென்று பேசுபவர் ஒரு குழுவிலும் நிறுத்தி நிதானமாகப் பேசுபவர் மறு குழுவிலும் போய்விட்டால், அந்த வித்தியாசம் உண்மையான விளைவை மூடிவிடும். ஒரே ஆளை அவரோடேயே ஒப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இடையில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் நிலை விட்டுப்போகும் மிச்சம் எந்த வகை என்று பாருங்கள். கை பழகுவது, களைத்துப்போவது ஆகியவை எந்த வரிசையில் செய்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். பாதிப் பேருக்கு வரிசையைத் திருப்பிவிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆனால், இரண்டு நிலைகளை க, ச என்று வைத்துக்கொண்டால், க-விலிருந்து ச-வுக்குப் போனால் ஒரு மாதிரியும் ச-விலிருந்து க-வுக்குப் போனால் வேறு மாதிரியும் மிச்சம் விழுமானால், வரிசையைத் திருப்பி எந்தப் பயனும் இல்லை. மனப்பாட உத்தி கற்றுக்கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தி இல்லாமல் தொடங்கியவர் பிறகு உத்தியைக் கற்பார், சரி. முதலில் கற்றவர் அதைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டா வருவார்? அங்கே தனிக்குழுவுக்குப் போய்விடுங்கள்.

தனிக்குழு என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துவிடவும் வேண்டாம். மைக்கேல் பர்ன்பாம் 1999-ல் ஒரு குறும்பு செய்தார். ஒரு குழுவிடம் 9 என்ற எண் எவ்வளவு பெரியது என்றும், வேறொரு குழுவிடம் 221 எவ்வளவு பெரியது என்றும் மதிப்பிடச் சொன்னார். சராசரியில் 9 ஜெயித்துவிட்டது! 9-ஐப் பார்த்தவர்கள் மனதில் ஓரிலக்க எண்கள், 221-ஐப் பார்த்தவர்கள் மனதில் மூன்றிலக்க எண்கள், அளவுகோலே வேறாகிவிட்டது. ‘1 முதல் 10 வரை எவ்வளவு பிடித்திருக்கிறது’ என்ற மாதிரிக் கேள்விகளோடு தனிக்குழு வைப்பவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள்.

மூன்றாம் படி (தனிக்குழு என்றால்): பிரிப்பதை அதிர்ஷ்டத்திடம் விடுங்கள்

யார் எந்தக் குழு என்பதை நீங்களும் முடிவு செய்யக்கூடாது, பங்கேற்பாளரும் முடிவு செய்யக்கூடாது. காலையில் வந்தவர்கள் ஒரு குழு, மதியம் வந்தவர்கள் மறு குழு என்று பிரித்தால், சாப்பிட்ட மயக்கத்தையும் சேர்த்து அளக்கிறீர்கள். ‘ஏ செக்‌ஷன் சோதனைக் குழு, பி செக்‌ஷன் கட்டுப்பாட்டுக் குழு (ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைக்கும் குழு)’ என்பது அதைவிட மோசம். பல பள்ளிகளில் செக்‌ஷனே மதிப்பெண் பார்த்துப் பிரிப்பதுதான்.

செய்யும் விதம் எளிது. 40 பேர், இரண்டு குழு என்றால், நான்கு நான்கு சீட்டாகக் கட்டுங்கள்; ஒவ்வொரு கட்டிலும் இரண்டு க, இரண்டு ச. ஒரு கட்டைக் குலுக்கித் தீர்த்த பிறகே அடுத்த கட்டு. பாதியில் நிறுத்த நேர்ந்தாலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். சீட்டுகளை ஒட்டிய கவரில் போட்டு எண் எழுதி வைத்துவிட்டால், “இந்தப் பிள்ளை சூட்டிகையாத் தெரியுது, இதைச் சோதனைக் குழுவிலே போடுவோம்” என்ற சபலத்துக்கு இடமில்லை. சிரிக்காதீர்கள், எல்லாருக்கும் வரும் சபலம்தான் அது.

ஆட்கள் குறைவாக இருந்து, ஒரு குணம் முடிவைப் பலமாக இழுக்கும் என்று தெரிந்தால், முதலில் இணைசேர்த்துவிட்டுப் பிறகு குலுக்கலாம். ஆல்பர்ட் பாண்டுரா 1961-ல் பொம்மையை அடிக்கும் பெரியவரைப் பார்த்து குழந்தைகள் அடிக்கக் கற்கிறார்களா என்று பார்த்தபோது 72 குழந்தைகள் இருந்தார்கள். இயல்பிலேயே முரட்டுத்தனம் உள்ள குழந்தைகள் ஒரே குழுவில் குவிந்துவிடாமல் இருக்க, ஆக்ரோஷத்துக்கு முன்கூட்டியே மதிப்பெண் போட்டு, ஒத்த மதிப்பெண் உள்ளவர்களை மும்மூன்றாகச் சேர்த்து, மூன்று குழுக்களுக்குப் பிரித்தார்கள்.

நான்காம் படி (ஒரே ஆள் என்றால்): வரிசையைச் சுழற்றுங்கள்

நான் கோட்டைவிட்ட இடம். இரண்டு நிலைகள் என்றால் பாதிப் பேர் க-ச, மீதிப் பேர் ச-க. மூன்று நிலைகளுக்கு ஆறு வரிசைகள், ஆறையும் பயன்படுத்திவிடலாம். நான்கு நிலைகளுக்கு 24 வரிசைகள் வரும், கட்டுப்படியாகாது. அதற்குச் சமநிலை லத்தீன் சதுரம் இருக்கிறது. நிலைகளை க, ச, ட, த என்று வைத்துக்கொண்டால் நான்கு வரிசைகள் போதும்:

க – ச – த – ட
ச – ட – க – த
ட – த – ச – க
த – க – ட – ச

ஒவ்வொரு நிலையும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முறை வருகிறது. எந்த நிலைக்கு அடுத்தும் மற்ற மூன்றும் ஒவ்வொரு முறை வருகின்றன. பென்சில் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆட்களின் எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கட்டும். நிலைகள் ஒற்றைப்படை என்றால் ஒரு சதுரம் பத்தாது. அதன் ஒவ்வொரு வரிசையையும் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி எழுதிய இன்னொன்றும் வேண்டும்.

பொருளையும் சேர்த்துச் சுழற்ற மறப்பவர்கள் அதிகம். என் ப்ராஜெக்ட்டில் வரிசையைத் திருப்பியிருந்தாலும் இன்னொரு ஓட்டை இருந்தது: முதல் இருபது கணக்குகள் எப்போதும் அமைதிக்கு, அடுத்த இருபது எப்போதும் பாட்டுக்கு. இரண்டாவது தொகுப்பு தற்செயலாக எளிதாக அமைந்திருந்தால்? ஆகவே நான்கு வகைத் தாள்கள் வேண்டும்: இரண்டு வரிசை, இரண்டு தொகுப்பு. முப்பது பேருக்குப் பதில் முப்பத்திரண்டு பேர், வகைக்கு எட்டு. இவ்வளவுதான் வேலை. அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஐந்தாம் படி: இரண்டாவது மாறி உண்மையிலேயே வேண்டுமா?

ஒரு மாறியோடு விடாமல் பாலினம், படிப்பு, ஊர் என்று சேர்த்துக்கொண்டே போவது நம்மூர் ஆய்வேடுகளின் வியாதி. இரண்டு மாறிகளைப் பின்னும் காரணிசார் வடிவமைப்பு, கேள்வியே ‘இது அதைப் பொறுத்தது’ என்று இருக்கும்போதுதான் தேவை.

அழகான உதாரணம் ஸ்காட்லாந்துக் கடலில் கிடைக்கிறது. டங்கன் காடனும் ஆலன் பாட்லியும் 1975-ல் முக்குளிப்பவர்களிடம் 36 சொற்கள் கொண்ட பட்டியல்களைக் கொடுத்தார்கள். படித்தது கரையிலா நீருக்கடியிலா, திரும்பச் சொன்னது கரையிலா நீருக்கடியிலா என்று நான்கு நிலைகள். ஒவ்வொருவரும் நான்கையும் வேறு வேறு நாட்களில் செய்தார்கள். கரையில் படித்துக் கரையில் சொன்னபோது சராசரியாக 13.5 சொற்கள், நீரில் படித்து நீரில் சொன்னபோது 11.4. இடம் மாறியபோது 8.6, 8.4. கரை நல்லதா நீர் நல்லதா என்று தனித்தனியாகக் கேட்டால் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. விஷயம் முழுக்க இரண்டின் பொருத்தத்தில் இருக்கிறது. இதற்குப் பெயர்தான் இடைவினை.

“இடம் மாறும்போது நீரில் ஏறி இறங்கும் அலைச்சலே மறதிக்குக் காரணமாக இருக்கலாமே” என்று அவர்களே சந்தேகப்பட்டு, கரையில் படித்தவர்களை நடுவில் முங்கி எழவைத்து, மறுபடி கரையிலேயே சொல்லச் சொன்னார்கள். மறதி கூடவில்லை. வேறு விளக்கம் இருக்குமோ என்று தானே தேடிப் போய் அடைப்பது நல்ல வடிவமைப்பின் பாதி. (2021-ல் இதைத் திரும்பச் செய்தபோது இடப்பொருத்த விளைவு கிடைக்கவில்லை என்பது தனிக்கதை.)

மூன்று மாறிகளைப் பின்ன நினைத்தால், வரப்போகும் முடிவை இப்போதே ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லையா, ஒன்றைக் கழற்றிவிடுங்கள்.

ஆறாம் படி: குலுக்கவே முடியாத இடத்தில்

பள்ளி, மருத்துவமனை, அரசுத் திட்டம் என்று வந்தால் சீட்டுப் போட விடமாட்டார்கள். அங்கே கையில் கிடைப்பது அரைச்சோதனை வடிவமைப்பு.

இதில் நான் அடிக்கடி பார்ப்பது: பரீட்சைப் பதற்றத்தில் மதிப்பெண் மிக அதிகமாக வந்த மாணவர்களாகப் பொறுக்கி எடுத்து, நான்கு வாரம் மூச்சுப் பயிற்சி கொடுத்து, மறுபடி அளந்து, “பதற்றம் குறைந்தது” என்று எழுதுவது. கட்டுப்பாட்டுக் குழு கிடையாது. ஒரு அளவீட்டில் உச்சத்தில் வந்தவர்கள் அடுத்த அளவீட்டில் சராசரியை நோக்கிச் சரிவது இயல்பு. மூச்சுப் பயிற்சிக்குப் பதில் முறுக்கு கொடுத்திருந்தாலும் சரிந்திருக்கும்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1955 கடைசியில் அதிவேகமாக ஓட்டுபவர்களின் உரிமத்தைப் பறிக்கத் தொடங்கியது. சாலை மரணங்கள் அந்த ஆண்டின் 324-லிருந்து 1956-ல் 284 ஆகக் குறைந்தன. ஆளுநர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். டொனால்டு கேம்பெல்லும் லாரன்ஸ் ராஸும் முந்தைய ஆண்டுகளின் எண்களையும் சேர்த்து வரைந்து பார்த்தால், 1955 இயல்புக்கு மீறி எகிறிய ஆண்டு. அதன்பிறகு இறங்கியதில் எவ்வளவு சட்டத்தால் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அவர்கள் செய்ததையே நீங்களும் செய்யலாம்: முன்னும் பின்னும் ஒவ்வொரு புள்ளியோடு நிற்காமல் பல முறை அளப்பது, திட்டம் நடக்காத பக்கத்து இடத்தையும் அளப்பது. பள்ளியில் என்றால், பயிற்சியைப் பிறகு தருவதாகச் சொல்லிக் காத்திருப்புக் குழு வைத்தால் தலைமை ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு குழந்தையை வைத்துச் சிகிச்சையைச் சோதிப்பவர்களுக்கு ஏ-பி-ஏ-பி முறை உண்டு: சிகிச்சை இல்லை, உண்டு, இல்லை, உண்டு. நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும் பழக்கங்களுக்கு மட்டும்தான் இது செல்லும். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்ற பிள்ளை, பயிற்சியை நிறுத்தினால் மறந்துவிடப்போவதில்லை.

ஏழாம் படி: எத்தனை பேர்?

“முப்பது பேர் போதும்” என்ற வாய்வழி வேதத்தை மறந்துவிடுங்கள். நடுத்தர அளவு விளைவை (கோஹன் டி 0.5, அதாவது சராசரிகளின் வித்தியாசம் திட்ட விலக்கத்தில் பாதி) 5 சதவீத மட்டத்தில் (இல்லாத விளைவை இருப்பதாக எண்ணும் வாய்ப்பு 5 சதவீதம்), 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கத் தனிக்குழுவில் குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர் வேண்டும். அதே ஆட்களை இரண்டு முறை அளந்தால், இரு அளவீடுகளுக்கும் இடையே ஒட்டுறவு (ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) 0.5 இருக்கும்பட்சத்தில் 34 பேர் போதும். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் ஐந்து நிமிட வேலை. இரண்டாம் படியில் முடிவெடுக்க முடியாமல் இழுபறியாக இருந்தால் இந்த எண்கள் தீர்த்துவைக்கும். ஆனால் எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு, திருப்ப முடியாத மிச்சம் விழும் சோதனையை மீள் அளவீட்டில் தள்ளிவிடாதீர்கள்.

எட்டாம் படி: ஒத்திகை

டேட்டா எடுக்கும் முன் எக்செல்லில் ஒரு பொய் அட்டவணை தயார் செய்யுங்கள். மனதுக்குத் தோன்றிய எண்களை நிரப்பி, கடைசியில் செய்யப்போகும் பகுப்பாய்வை இப்போதே ஓட்டுங்கள். இரண்டு தனிக்குழு என்றால் சார்பற்ற டி-சோதனை (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் கணக்கு), ஒரே ஆட்கள் இரண்டு முறை என்றால் இணை டி-சோதனை, ஒரு மாறி குழுக்களுக்கிடையிலும் இன்னொன்று ஆளுக்குள்ளும் என்றால் கலப்பு அனோவா (பல சராசரிகளை ஒரே நேரத்தில் ஒப்பிடும் கணக்கு). எதை ஓட்டுவது என்று இங்கே குழம்பினால், வடிவமைப்பு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். குழம்பவில்லை என்றால் இதை அப்படியே ஓ.எஸ்.எஃப். (ஓபன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க்) என்ற ஆய்வுத் திட்டங்களைப் பதியும் இணையதளத்தில் முன்பதிவு செய்துவிடலாம்.

அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராபர்ட் ரோசன்தாலும் கெர்மிட் ஃபோடும் 1963-ல் வெளியிட்ட சோதனையில் 12 மாணவர்களிடம் சாதாரண எலிகளைக் கொடுத்து, பாதிப் பேரிடம் இவை புத்திசாலிப் பரம்பரை, மீதிப் பேரிடம் இவை மக்கு என்றார்கள். ‘புத்திசாலி’ எலிகள் உண்மையிலேயே நன்றாக ஓடின. எலிக்கே அந்தக் கதி என்றால், முகம் பார்த்து நடக்கும் மனிதர்களைச் சொல்லவா வேண்டும்.

நெறிமுறைக் குழு அனுமதி, ஒப்புதல் படிவம் இரண்டும் முதல் ஆளைத் தொடும் முன்பே கையில் இருக்க வேண்டும், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை ஒருமுறை புரட்டிவிடுங்கள். பங்கேற்பாளரிடம் எதையாவது மறைத்தால், முடிந்ததும் உட்காரவைத்து விளக்கியாக வேண்டும்.

கடைசியாக, ஐந்து பேரை வைத்து ஒரு வெள்ளோட்டம். போன வருடம் ஒரு மாணவி 12 சொற்களை மனப்பாடம் செய்யவைக்கும் சோதனையோடு வந்தார். சொல்பட்டியல், சீட்டுக் கவர், லத்தீன் சதுரம் எல்லாம் கச்சிதம். வெள்ளோட்டத்தில் ஐந்து பேரில் நான்கு பேர் பன்னிரண்டையும் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் கூரையை முட்டி நின்றால் எந்த நிலை மேல் என்று எப்படித் தெரியும்? பட்டியலை 24 ஆக்கினோம். அடுத்த ஐந்து பேர் 9 முதல் 17 வரை சொன்னார்கள். அன்று மாலையே அவர் மீதிக் கவர்களை ஒட்டத் தொடங்கினார்.